மேனேஜர் அறைக் கண்ணாடி

சட்டை தைக்கும் அந்தக் கூடத்துக்கு மேனேஜராக வந்தவர், முதல் வேலையாகத் தன் கண்ணாடி அறையைச் சுற்றி வெள்ளி நிறத் தாள் ஒட்டவைத்தார். அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு, பளிச்சென்று விளக்கெரியும் கூடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து பார்க்கிற பெண்களுக்கு அவரவர் முகம்தான் தெரியும்.

"நீங்க என்னைப் பார்க்க முடியாது. நான் உங்களைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்று பெருமை வேறு. கடவுள் வேலைக்கு மனுப் போட்டுக் கிடைத்துவிட்ட மாதிரி.

பெண்களின் பைகளும் அவர் அறையில்தான் இருக்க வேண்டும். வெளியே வைத்தால் துணியைச் சுருட்டிவிடுவார்களாம்.

அங்கே காலர் தைக்கிறவளும் பட்டன் தைக்கிற அவள் நாத்தனாரும் ஒரே வீட்டுக்காரர்கள். காலையில் இரண்டு பேருக்கும் சாப்பாட்டு டப்பா கட்டுவது நாத்தனார். கொஞ்ச நாளாகக் காலர்காரியின் டப்பாவில் மட்டும் முட்டை இல்லை.

"எனக்கு வைக்க மனசு வரலையாக்கும்?"

"சத்தியமா வெச்சேன் அண்ணி."

"அப்ப வெச்ச முட்டைக்குக் கால் முளைச்சுதா?"

அதோடு பேச்சு நின்றது. பஸ்ஸில்கூடத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஒரு மழை நாள். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்து, கரண்டும் போயிற்று. கூடத்தில் கும்மிருட்டு. மேனேஜர் அறையில் மட்டும் பேட்டரி விளக்கு எரிந்தது. அந்தச் சலுகை அவருக்கு மட்டும்தான்.

மெஷின் நின்றதும் காலர்காரி நிமிர்ந்தாள். வழக்கமாகத் தன் முகம் தெரிகிற கண்ணாடியில் மேனேஜர் தெரிந்தார், தலையிலிருந்து செருப்பு வரைக்கும். வெளிச்சம் அந்தப் பக்கம் போனதும் கண்ணாடி கட்சி மாறிவிட்டது. அவருக்கோ இப்போது தன் முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்த அழகில் சொக்கிப்போய் மீசையை நீவினார். வயிற்றை எக்கி நின்று, பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார்.

இருட்டுக் கூடத்திலிருந்து யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். காலர்காரியின் பையைத் திறந்து, டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து முழுசாக வாய்க்குள் தள்ளினார். அடுத்த பையில் ஒரு மீன் துண்டு. எண்ணெய்க் கையை இன்னொருத்தியின் கைக்குட்டையில் துடைத்தார். மாதச் சம்பளம் வாங்குகிற பெரிய மனுஷன்!

பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து கண்ணாடி முன்னால் கூடினார்கள். நாத்தனார் எழுந்து வந்து காலர்காரியின் பக்கத்தில் நின்றாள்.

"முட்டைக்கு முளைச்ச காலை நல்லாப் பார்த்துக்குங்க அண்ணி."

காலர்காரிக்கு முகம் சிவந்தது. நாத்தனாரின் கையை இறுகப் பிடித்தாள். பிறகு நேரே போய்க் கண்ணாடியைத் தட்டினாள். உப்பிய கன்னத்தோடு அவர் கதவைத் திறந்தார்.

"எ...என்ன கூட்டம்? போய் வேலையைப் பாருங்க!"

"முழுங்கிட்டுப் பேசுங்க சார். விக்கிக்கப்போகுது."

"பையைச் சோதனை போட்டேன். அது என் டியூட்டி."

"முட்டைக்குள்ள துணி இருந்துதா சார்?"

கூடமே சிரித்தது. யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அவரைத் தாண்டி உள்ளே போய் அவரவர் பையை எடுத்துவந்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அண்ணியும் நாத்தனாரும் அன்றைக்கு ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள்.

மேனேஜருக்கு வேலை போகவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு அவ்வளவு சுலபத்தில் போகாது. ஆனால் அவர் குரலை உயர்த்தும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, "சார், வாயோரம் ஏதோ ஒட்டியிருக்கு" என்பாள். அவர் கை தானாகப் போய்த் துடைக்கும்.