சாகாத பேட்டரி

“எந்த பேட்டரியா இருந்தாலும் என் நாக்குல ஒரு தடவை வச்சாப் போதும். அது எந்த வருஷம், எந்த மாசம், எந்தக் கிழமை சாகும்னு சொல்லிடுவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டா அதையும் சொல்லுவேன்!”

சாவிக்கடைக்காரர் இப்படி ஆரம்பித்தால் தெரு நாய்கூட நின்று கேட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போகும். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே பாதிதான் நினைவிருந்தது. ஊருக்கெல்லாம் அவர் வோல்ட்டு. கடை ஓர் அலமாரியைவிடச் சற்றே பெரியது. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். மேசைமேல் கார் சாவிகளும் கதவு ரிமோட்டுகளும் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு கிடக்கும். மெல்லிய திருப்புளியால் ஒரு தட்டு தட்டுவார்; சட்டைப் பொத்தான் போன்ற வட்ட பேட்டரி துள்ளி விழும். அதை நாக்கு நுனியில் வைத்து, உச்சஸ்தாயி பிடித்த பாடகர்போலக் கண்ணை மூடுவார். சுருக்கென்றால் உயிர் இருக்கிறது; சும்மா இருந்தால் செத்தது.

மனைவி வாங்கிக்கொடுத்த மீட்டர், உறை பிரிக்காமல் இழுப்பறையில் தூங்கியது. கேட்டால், “மீட்டருக்கே ஒரு பேட்டரி போடணும். அதை யாரு சோதிக்கறது? என் நாக்குதானே!” என்பார்.

மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவள். வேன் அக்கா என்றால் பிள்ளைகளுக்கு உயிர். குறுக்கே வரும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு நடுக்கம். புருஷன் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டு மீதியை வைத்துக் குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டவள்.

மீதியையும் நம்பாத ஒருவர் இருந்தார். கடை முக்காலியில் காலையில் உட்கார்ந்தால் மதியம்வரை எழாத, ஓய்வு பெற்ற தபால்காரர். “முத்திரை குத்தாத சேதிய நான் நம்பறதில்லப்பா” என்பது அவர் கொள்கை. வோல்ட்டு எது சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் ஒரே முத்திரை, “புளுகு!”

இவ்வளவும் சிரிப்பு. இனிமேல்தான் வயிற்றெரிச்சல்.

வோல்ட்டுவுக்கு ஒரே மகள். இரண்டரை வயது. எங்கே விட்டாலும் ஏதாவதொரு இடுக்கில் புகுந்து கிடப்பதால் சுண்டெலி என்று பெயர் வந்துவிட்டது. அம்மா வேனை எடுத்துக்கொண்டு போனால் அவள் கடையில்தான் இருப்பாள். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும்போது அவர்களுக்கு ஏதாவது வேடிக்கை காட்ட வேண்டுமல்லவா? தன் நாக்குப் புராணம் பழசாகிவிட்டது என்று வோல்ட்டுவுக்கே தெரிந்திருந்தது. மகளை மேசைமேல் உட்கார வைத்து ஒரு பேட்டரியை நீட்டுவார்.

“சுண்டெலி, இது உயிரா, செத்ததா?”

அவள் அப்பாவைப் போலவே கண்ணை மூடி நாக்கில் வைத்து, “செத்துச்சு!” என்பாள். கடையே கைதட்டும். யாராவது ஒரு மிட்டாய் கொடுப்பார்கள். பேட்டரியை வாயில் வைத்தால் கைதட்டல், எடுத்தால் மிட்டாய். ஒரு பிள்ளைக்கு வேறென்ன பள்ளிக்கூடம் வேண்டும்? படித்தவர்கள், பெற்றவர்கள், கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ‘ஐயோ, வேண்டாம்’ என்று சொல்ல ஒரு வாய் இல்லை அந்தத் தெருவில்.

வேன் அக்கா மட்டும் சொன்னாள். ஒருமுறை அல்ல, பலமுறை சொன்னாள். “குழந்தைக்கு இதை வாயில வைக்கப் பழக்காதீங்க.”

“நக்கத்தானே பழக்கறேன்? முழுங்கவா பழக்கறேன்?” என்று வோல்ட்டு சிரித்தார்.

அன்று காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவள் கடைக்குத் திரும்பியபோது, உள்ளே இரண்டு ஆண்கள் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். புருஷன் கையில் நூல் கட்டிய காந்தம். தபால்காரர் கையில் துடைப்பம். சாவி வெட்டும் எந்திரத்தின் காலடியில் சுண்டெலி சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதுதான் முதல் பயம். அந்தக் குழந்தை தூக்கத்தில்கூட சத்தம் போடுகிறவள். எச்சில் ஒழுகிச் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

“என்ன தேடறீங்க?”

“ஒண்ணுமில்ல. ஒரு பேட்டரி உருண்டு போச்சு.”

“எப்ப?”

“நீ கிளம்பின கொஞ்ச நேரத்துல.”

அவள் தண்ணீர்க் குவளையைக் குழந்தையின் வாயில் வைத்தாள். ஒரு மிடறு உள்ளே போகாமல் திரும்பி வழிந்தது. குழந்தை அழுதாள். அழுகையும் முழுதாக வரவில்லை.

“பேட்டரி எங்கடா கண்ணு?”

சுண்டெலி கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“அவ விளையாடறா!” என்றார் வோல்ட்டு. “என் பொண்ணு முழுங்கற ஆளா? நாக்குல வச்சிருப்பா, துப்பியிருப்பா, எங்கயாவது ஓடியிருக்கும். இரு, கண்டுபிடிச்சுக் காட்டறேன்.”

தபால்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “முழுங்கினா முழுங்கட்டுமேம்மா. நான் சின்னப் பையனா இருக்கறப்ப கோலிக்குண்டையே முழுங்கினேன். மறுநாள் போன வழியிலயே வந்துச்சு. ஒரு வாழைப்பழத்தைக் கொடு, வழுக்கிட்டுப் போயிடும்.” சொன்னதோடு நிற்காமல் பழத்தையும் உரித்தார்.

ஒருவர் முழுங்கவே இல்லை என்கிறார். மற்றவர் முழுங்கினால் என்ன என்கிறார். இரண்டு அறிவாளிகளுக்கு நடுவில் ஒரு குழந்தையின் தொண்டை வெந்துகொண்டிருந்தது.

“கிடைச்சிருச்சு!” என்று மேசைக்கடியிலிருந்து வோல்ட்டு கூவினார். உலகத்தையே வென்றவர்போல ஒரு பேட்டரியைத் தூக்கிக் காட்டினார். “பாத்தியா? நான்தான் சொன்னேனே!”

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். விரல் கனத்துக்கு ஒட்டடை. எலிப் புழுக்கை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த பேட்டரி உருண்டு போனபோது சுண்டெலி பிறந்திருக்கவே மாட்டாள்.

அவ்வளவுதான். இத்தனை வருடம் தள்ளுபடி செய்து செய்து சேர்த்து வைத்த கோபம் மொத்தமும் அவள் வாயில் வந்து நின்றது.

“யோவ்! நான் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகுதுய்யா! அவ்வளவு நேரமும் தரையைத் தேடினியே, பெத்த பொண்ணு வாயப் பாத்தியா? அவ எச்சில் முழுங்க முடியாம உக்காந்திருக்கா, நீ குப்பையக் காந்தம் போட்டுத் தடவறியே! தப்பு உன்மேல வந்துடக் கூடாது, அதுக்காக அது தரையிலதான் இருக்கணுமா?” தபால்காரர் நீட்டிய பழத்தை ஒரே தட்டில் தெருவுக்கு அனுப்பினாள். “நீங்க கோலிக்குண்ட முழுங்கினது இருக்கட்டும் ஐயா. இது என் பிள்ளை!”

குழந்தையை வாரிக்கொண்டு வேனில் ஏறினாள். வோல்ட்டு பின்னாலேயே ஓடி ஏறி மகளை மடியில் வாங்கிக்கொண்டார். அன்று அந்த வேன் போன வேகத்தில் போக்குவரத்துக் கம்பங்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டன என்று தெரு இன்றும் சொல்கிறது. வழிநெடுக வோல்ட்டுவின் வாய் ஓயவில்லை. “சளியா இருக்கும். போன வாரம்கூட இருமினாளே. சும்மா பயப்படறே.” அவள் ஹாரனை அழுத்திப் பிடித்தாள். பதில் சொல்லியிருந்தால் வேனைவிட்டு இறக்கியிருப்பாள்.

மருத்துவமனை முன்மேசையில் இருந்தவர் நிமிராமலே, “டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க” என்றார்.

“பட்டன் பேட்டரி முழுங்கிட்டா.”

அவர் நாற்காலி பின்னால் விழ எழுந்து ஓடினார். டோக்கனுக்கு நிற்காத சொல் ஒன்று இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

படம் எடுத்து வெளிச்சப் பலகையில் மாட்டினார்கள். சின்ன விலா எலும்புகளுக்கு நடுவே, மேல்நெஞ்சில், நிலாப்போல ஒரு வட்டம்.

“காசா இருக்கலாம்ல டாக்டர்?” என்றார் வோல்ட்டு. இன்னும்!

மருத்துவர் ஒல்லியான பெண்மணி. குரல் மட்டும் அப்படியில்லை. “வட்டத்துக்குள்ள இன்னொரு வளையம் தெரியுது பாருங்க. காசுக்கு அது இருக்காது. உணவுக்குழாய்ல சிக்கி நிக்குது. எதாவது சாப்பிடக் கொடுத்தீங்களா? வாந்தி எடுக்க வச்சீங்களா?”

“பழம் கொடுக்கப் பாத்தாங்க. தட்டிவிட்டேன்” என்றாள் வேன் அக்கா.

“நல்ல வேலை செஞ்சீங்க. வாந்தி எடுக்க வச்சா போற வழியெல்லாம் இன்னும் கெடும். மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு இப்பவே எடுக்கணும்.”

“அது... செத்த பேட்டரிதான் டாக்டர்” என்றார் வோல்ட்டு. குரல் பாதியாகிவிட்டது. “நானே சோதிச்சேன்.”

“உங்க கார் சாவிக்குத்தான்யா அது செத்தது! ஈரமான சதையில ஒட்டினா அதுல மிச்சமிருக்கற மின்சாரமே போதும். பக்கத்துல இருக்கற சதைய அரிச்சிடும். ரெண்டு மணி நேரத்துலயே புண்ணாக்கும், விட்டா ஓட்டை போடும். எப்ப முழுங்கினா?”

வோல்ட்டு வாயைத் திறந்தார். ஒரு வருஷத்துக்கு அப்பால் பேட்டரி சாகும் கிழமையைச் சொல்கிற வாய், அன்று காலை நடந்ததைச் சொல்ல வராமல் திறந்தபடி நின்றது.

“சொல்லித் தொலைங்க!” என்று அவள் அலறினாள்.

“கால் மணி நேரம் முன்னாடின்னா நல்லாருக்கும்...” என்று அவர் அழ ஆரம்பித்தார். “ஒண்ணரை மணி நேரம் ஆயிருச்சு டாக்டர். நான்தான் நம்பல.”

எடுத்தார்கள். இரும்புக் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டியபோது அதன் ஓரம் கருகியிருந்தது. குழந்தைக்கு உள்ளே எரிந்த புண். ஓட்டை விழவில்லை, விழுமோ என்று நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூக்கு வழியாகக் குழாய், அதன் வழியாகப் பால். ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கக்கூடும், பிறகும் பலமுறை வரவேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். சுண்டெலி சத்தம் போடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

சில நாள் கழித்து, மகளைச் செவிலியிடம் விட்டுவிட்டு மாற்றுடை எடுக்க வீட்டுக்கு வந்த வேன் அக்கா கடைவாசலில் நின்றுவிட்டாள். உள்ளே புருஷன் வாடிக்கையாளர்களின் சாவிகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேட்டரிகள் எல்லாம் திருகுமூடி போட்ட பெட்டியில், கூரையைத் தொடும் பலகைமேல் இருந்தன. பழையவை இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றித் தனியாக இருந்தன. மீட்டரின் உறை பிரிந்திருந்தது.

ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். குழந்தையின் வாயில் கார் சாவி. மூடி உடைந்து ரப்பர் வளையம் போட்டு நிறுத்திய சாவி.

“அம்மா, அதைப் பிடுங்குங்க! உள்ள பேட்டரி இருக்கு. முழுங்கினா தொண்டை வெந்துடும்!”

அந்தப் பெண் சிரித்தாள். “என்ன வோல்ட்டு, புதுக் கதையா? இத்தூண்டு பேட்டரி தொண்டைய வேக வைக்குமாக்கும். போன மாசம் உங்க பேட்டரி போட்ட ரிமோட்டு பக்கத்து ஊரு கதவத் திறந்துச்சுன்னீங்க!”

“சத்தியமாம்மா! என் பொண்ணுக்கு...”

“ஆமாமா, உங்க பொண்ணுதானே நாக்குலயே பாத்துச் சொல்லுவா. நானே கைதட்டியிருக்கேனே!” என்று அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். குழந்தை சாவியை மென்றது. ரப்பர் வளையம் நழுவியது.

வாசலில் நின்றவளுக்கு ரத்தம் கொதித்தது. வாழ்நாள் முழுக்கப் புளுகிய மனிதன் முதல்முறையாக உண்மை சொல்கிறான், உலகம் சிரிக்கிறது. அவள் உள்ளே காலெடுத்து வைப்பதற்குள் முக்காலி சரிந்து விழுந்தது. தபால்காரர் எழுந்துவிட்டார். நேரே போய்க் குழந்தையின் வாயிலிருந்து சாவியைப் பறித்து மேசைமேல் அடித்தார். குழந்தை வீறிட்டது.

“ஏன் ஐயா, நீங்களுமா? இவரு சொல்றத நீங்க என்னிக்காவது நம்பியிருக்கீங்களா?” என்றாள் அந்தப் பெண்.

“என்னிக்கும் நம்பினதில்ல” என்றார் தபால்காரர். “சிரிக்காதம்மா, காதத் தீட்டிக்க. பிள்ளை வாய்க்கு எட்டற எதுவும் விளையாட்டுச் சாமான் இல்ல. முழுங்கியிருக்குமோன்னு ஒரு சந்தேகம் வந்தாக்கூட தேடாத, பழம் கொடுக்காத, ஆஸ்பத்திரிக்கு ஓடு. முழுங்கலன்னு டாக்டர் சொல்லட்டும், நீ சொல்லாத. நான் கூடவே இருந்தேன். கண்ணால பாத்தேன். இவன் சொல்றது அத்தனையும் நடந்தது.”