பதினோராம் எண் பனியன்

தலைமைப் பயிற்சியாளருக்கு ஒரு கொள்கை உண்டு. ஜெயித்தால் அது தன் மூளை. தோற்றால் பசங்களுக்கு உடம்பு வளையவில்லை. இதை வைத்துக்கொண்டே அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தக் காகிதத்தையும் படிக்க மாட்டார். கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடுமாம். உதவிப் பயிற்சியாளனான மச்சினன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் எழுதி நீட்டுவான். இவர் கையெழுத்தை மட்டும் சுழித்துச் சுழித்துப் போடுவார்.

அன்றைக்கு அரையிறுதி. ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. "ஜெயிச்சா இன்னும் மூணு வருஷம். இல்லேன்னா உட்கார்ந்து பேசுவோம்" என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். முதல்வர்கள் உட்கார்ந்து என்ன பேசுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் டிவிக்காரர்கள் வந்தார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. தான் ஆடிய காலத்தில் போட்ட பதினோராம் எண்ணை இத்தனை வருஷம் யாருக்கும் தராமல் பூட்டி வைத்திருந்தார். அந்தப் பனியனை எடுத்து, தனக்குப் பின்னால் பெஞ்சைத் தேய்க்கும் நெட்டையனுக்கு மாட்டிவிட்டார். கேமரா தன்னைக் காட்டும்போதெல்லாம் அந்த எண்ணும் தெரிய வேண்டுமல்லவா!

மச்சினன் பதறினான். "மாமா, ஸ்கோர் மேஜையில குடுத்த லிஸ்டுல அவனுக்குப் பதினாலுன்னு இருக்கு. நீங்க கையெழுத்தும் போட்டாச்சு. இப்படியே இறங்கினா ஃபவுல் குடுப்பாங்க. இன்னும் நேரம் இருக்கு, திருத்திடலாம்."

"நான் போட்ட கையெழுத்தை நானே அடிச்சுத் திருத்தணுமா? அதுவும் டிவி முன்னாடி? அவன் எங்கடா இறங்கப் போறான். சும்மா உட்காரட்டும்."

நெட்டையன் பிரமாதமாக உட்கார்ந்தான், கடைசி ஆறு விநாடி வரைக்கும். அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. அப்போது பார்த்துத்தான் நடு ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் பிசக வேண்டுமா! மச்சினன் அவனைத் தூக்க ஓடினான். உயரத்துக்கு வேறு ஆளில்லை. "போடா நெட்டையா!" என்று இவர் பிடித்துத் தள்ளினார். பனியன் ஞாபகத்துக்கு வருவதற்குள் அவன் கோட்டைத் தாண்டிவிட்டான்.

மேஜையில் ஹாரன் அலறியது. பட்டியலில் இல்லாத எண். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் கூடைக்குள் விழுந்தன. மீதி ஆறு விநாடியில் நம் பசங்கள் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது.

உடை மாற்றும் அறைக்கு முதல்வர் வந்தார். இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கை மச்சினனைக் காட்டியது.

"லிஸ்ட் எழுதினது இவன்தான் சார். என் வீட்டு ஆளாச்சேன்னு பார்க்க மாட்டேன்."

மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து, கிடந்த துண்டுகளை மடிக்க ஆரம்பித்தான்.

"அப்போ மாற்றம் வேணும்கிறீங்க" என்று முதல்வர் ஒரு காகிதத்தை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்து."

மச்சினனின் சீட்டைக் கிழிக்கிறார்கள் என்று இவர் புரிந்துகொண்டார். வீட்டில் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று அரை நொடி நெஞ்சு உறுத்தியது. அதற்காகச் சொந்த வேலையை விட முடியுமா? வழக்கத்தைவிட இரண்டு சுழி அதிகமாகவே போட்டார்.

முதல்வர் கை குலுக்கினார். "போகச் சொல்ல எனக்குத்தான் சங்கடமா இருந்துது. நீங்களே விலகிக்கிட்டீங்க. பெரிய மனசு சார் உங்களுக்கு." ஒரு நகலை இவர் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மச்சினன் இவருடைய பையைத் திறந்தான். அடியில் கிடந்த கண்ணாடியை எடுத்து, துண்டால் துடைத்து நீட்டினான்.

"இப்பவாவது படிங்க, மாமா."