செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து

பதினொரு மணியாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆணிக் கடைக்காரம்மா ஸ்டூலை இரண்டாவது தடவையாகத் துடைத்தாள். டிரைவர் வருகிற நாள்.

பஸ் தடங்களைப் பாதியாகக் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கஜானா காலி, எல்லோரும் வயிற்றைக் கட்டியாக வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். சொன்னது பெருத்த வயிறு. கட்டிக்கொண்டது ஒட்டிய வயிறு. வேலை போனவர்களுக்குத் தரும் உதவித்தொகையும் சும்மா வராது. வாரம் ஐந்து கடை ஏறி வேலை கேட்க வேண்டும், 'இல்லை' என்று எழுதி வாங்க வேண்டும், முத்திரையோடு அலுவலகத்தில் காட்ட வேண்டும். காகிதத்தோடு ஆள் வருவதைப் பார்த்தாலே கடைக்காரர்கள் முகத்துக்கும் ஒரு ஷட்டர் இறங்கிவிடும். இவள் மட்டும்தான் உட்காரச் சொன்னாள். எட்டு மாதமாகச் செவ்வாய் தவறாமல் வருகிறார். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுதான்.

"முதலாளியம்மா, வேலை ஏதாவது இருக்கா?"

"என்ன தெரியும் உங்களுக்கு?"

"அம்பது பேரை ஏத்திக்கிட்டு வளைவுல திரும்பத் தெரியும்."

"இங்க வளைவே கிடையாது. போயிட்டு வாங்க."

போகமாட்டார். முத்திரை விழுந்த பிறகும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் கலைத்துப்போட்ட ஸ்க்ரூக்களை அளவு பார்த்துப் பிரித்துப் போடுவார். வேண்டாம் என்றால், "கை சும்மா இருந்தா தலை பேச ஆரம்பிச்சிடும்" என்பார். அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம். மகள் ஞாயிறன்று போனில் சாப்பிட்டியா என்று கேட்பாள். மற்ற நாட்களில் கடைக்காரம்மாவின் குரலுக்கு விலை சொல்வதைத் தவிர வேறு வேலையில்லை. செவ்வாயன்றுதான் அது பேச்சாக மாறும்.

நேற்று அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மகள் வயதுதான் இருக்கும். நின்றபடியே கோப்பைப் புரட்டினாள்.

"ஒரே ஆளுக்கு முப்பது தடவைக்கு மேல இல்லைன்னு எழுதியிருக்கீங்கம்மா."

"முப்பது தடவையும் இல்லைதானே."

"இனிமே ஒரே கடைக் கையெழுத்து செல்லாது. நாளைக்குக் கடைசி. இல்லேன்னா நீங்களே அவரை வேலைக்கு வெச்சுக்கலாம். புதுத் திட்டம் வந்திருக்கு. ஆறு மாசச் சம்பளம் நாங்க தருவோம்."

கடைக்காரம்மாவுக்குள் என்னவோ துள்ளியது. ஆறு மாதம். தினமும்.

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் உங்க பாடு."

"கடை ஓடுற ஓட்டத்துல எனக்கே சம்பளம் கிடையாதும்மா."

"அப்ப அனுப்பிடுங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"அவருக்கு உதவித்தொகை திரும்பக் கிடைக்குமா?"

"ஒரு தடவை வேலைல சேர்ந்துட்டா அது முடிஞ்ச கதை." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு அவருக்கு. தெரியும். மாசம் இத்தனை பேரைக் குறைச்சாகணும்னு எங்க தலையிலயும் எழுதியிருக்கும்மா." படி இறங்கும்போது ஸ்க்ரூப் பெட்டிகளைப் பார்த்தாள். "காகிதம் இல்லாம அவர் இங்க உக்காந்து இதைப் பிரிச்சாருன்னா திருட்டுத்தனமா வேலை பாக்குறாருன்னு எழுதி, தொகையை நிறுத்திடுவாங்க. பாத்துக்குங்க."

பதினொரு மணிக்கு டிரைவர் வந்தார். பழைய யூனிஃபார்ம் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஊசித் துளைகள். உட்காரவில்லை.

"வேலை இருக்கா?"

முதலாளியம்மா என்ற கேலி இல்லை. இவளும் தன் பங்கு வசனத்தைச் சொல்லவில்லை.

"திட்டம் ஒண்ணு வந்திருக்காமே," என்றார் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு.

"ஆறு மாசம் கழிச்சு உங்களை நடுத்தெருவுல விடணும் டிரைவரே. அதுக்குப் பேர்தான் திட்டம்."

"ஆறு மாசம்னாலும் ஆறு மாசம்தானே."

காலையிலிருந்து அவளும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் 'இருக்கிறது' என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தால் போதும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு இந்த ஸ்டூலில் ஆள் இருக்கும்.

"ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்குங்க," என்றாள். "இங்க வேலை இல்ல."

'இல்லை' என்றே எழுதினாள். முத்திரை மை காய்ந்திருந்தது. இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. அவர் காகிதத்தை வாங்கி எழுத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"இன்னும் நாலு கடை ஏறணும்," என்றார். பாதி பிரித்து வைத்திருந்த பெட்டியை விரலால் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுப் படி இறங்கினார்.

அவள் வாசல்வரை வந்தாள். தெருவைக் கடந்து, எதிர்ச்சாரியில் இருந்த கண்ணாடிக் கடை வாசலில் அவர் நின்றார். காலரைச் சரிசெய்துகொண்டார். உதடு அசைவது இங்கிருந்தே தெரிந்தது.

"என்ன தெரியும் உங்களுக்கு?" என்று இவள் இங்கேயே நின்று கேட்டாள்.

கண்ணாடிக் கடைக்காரன் நிமிராமல் தலையை ஆட்டினான்.