ஒரு சொட்டுத் தண்ணி

கருவிழிகளை எடுத்து முடித்து, அப்பாவின் இமைகளை மெல்ல மூடினாள் கண் வங்கியிலிருந்து வந்த பெண்.

“விழித்திரைக்குப் பின்னாடி தண்ணி இருக்கான்னு பாக்க முடியுமா?” என்று மகள் கேட்டாள்.

“உயிர் போனப்புறம் விழித்திரை வெளுத்துடும்க்கா. பாத்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். கண் ஆஸ்பத்திரியில் விழித்திரை ஸ்கேன் எடுப்பதுதான் மகளுடைய வேலை. ஊரார் கண்ணையெல்லாம் படம் எடுப்பவளுக்கு அப்பாவின் வலது கண் மட்டும் பிடிகொடுக்கவே இல்லை. விழித்திரைக்கு அடியில் ஒரு சொட்டு நீர் கோத்திருந்தது. ஒரு படத்தில் வற்றியிருக்கும். அடுத்த படத்தில் கொப்புளமாக எழுந்து நிற்கும். புதிதாக வந்த கம்ப்யூட்டர் பழைய படங்களை ஆராய்ந்து, மூன்று மாதத்தில் வற்றிவிடும் என்றது. அதை நம்பி அப்பாவிடம் அடித்துச் சொன்னாள். கெடு தாண்டியும் வற்றவில்லை. “வாய்ப்பு அதிகம்னுதானே சொல்லுச்சு,” என்று டாக்டர் கழன்றுகொண்டார்.

அப்பா டைல்ஸ் மேஸ்திரி. வரிசை நேராக வர மற்றவர்களைப் போல நூல் கட்டமாட்டார். இடது கண்ணை மூடி வலது கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதான். குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி என்று காட்டும் ரசமட்டத்தை அவர் வைத்திருந்ததே வீட்டுக்காரர்களின் வாயை அடைக்கத்தான். அந்தக் கண்ணில் நீர் கோத்ததும் நேர்வரிசையெல்லாம் நடுவில் தொய்ந்து தெரிந்தது. தொய்வைத் தூக்கி நிமிர்த்துகிறேன் என்று ஒரு சமையலறைச் சுவரையே வில்லாக வளைத்துவிட்டார். அதன்பின் யாரும் கூப்பிடவில்லை.

“நூலைக் கட்டித் தொலையேன்ப்பா!”

“நூலைப் பாத்து ஒட்டறதுக்கு மேஸ்திரி எதுக்கு? மழை எப்ப வரும்னு சொல்றானுங்க. என் கண்ணுல இருக்கிற ஒரு சொட்டுத் தண்ணி எப்பப் போகும்னு சொல்ல ஒருத்தனுக்கும் துப்பில்ல!”

கடைசியாக ஸ்கேனுக்குக் கூப்பிட்டபோது, “இனிமே உன் மெஷின்ல தாடையை வைக்க மாட்டேன்,” என்று போனைத் துண்டித்துவிட்டார். அவளும் கோபத்தில் ஒரு மாதமாக எப்போதாவதுதான் வந்துபோனாள்.

இன்று காலை வீட்டுக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கண்ணுக்கு அத்தனை படம் எடுத்தவள் நெஞ்சுக்கு ஒன்றுகூட எடுக்கச் சொல்லவில்லை. யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

“ஆஸ்பத்திரியிலயே இருக்கே. முன்கூட்டியே தெரிஞ்சிருக்க வேணாமா?” என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

“தெரியல சித்தப்பா. எதுவுமே தெரியல. போதுமா?” என்று வெடித்துவிட்டுப் பின்பக்கம் போனாள்.

துணி துவைக்கும் இடத்துச் சுவரில் புது டைல்ஸ் ஒட்டியிருந்தது. அடி வரிசைகள் நடுவில் மேடேறிக் கிடந்தன. மேலே போகப் போக மேடு தணிந்துகொண்டே வந்தது.

“இது எப்பம்மா?”

பின்னாலேயே வந்திருந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “ஒரு மாசமா. தினம் ஒண்ணு ரெண்டு ஒட்டுவாரு. நீ வந்தா சாக்கைப் போட்டு மூடிடுவாரு. நேரா வந்தப்புறம் அவளே வந்து பாக்கட்டும், அதுவரைக்கும் வாயத் தொறக்காதேன்னாரு.”

அங்கேயே கிடந்த அப்பாவின் வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேல் வரிசையின்மீது வைத்தாள். குமிழி கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள்.

“எனக்குத் தெரியலம்மா. எங்க நிக்குதுன்னு நீ பாரு.”

அம்மா எக்கிப் பார்த்தாள்.

“நடுவுலதான்டி நிக்குது.”

வரிசையின் கோடியில் ஒரு டைலுக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. அந்த டைல், காலையில் அவர் போட்டபடியே, வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.