இடது பக்கத்து பிரேக்

அது ஆகஸ்ட் பதினைந்தா, கோகுலாஷ்டமியா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. 2004, விடுமுறை நாள், மழை விட்டிருந்தது. மலையில் பார்த்த குரங்குகள் ஏழா ஒன்பதா என்பதிலும் சந்தேகம்தான். பெடல் விஷயத்தில் மட்டும் சந்தேகமில்லை.

மலைக்குப் போன காரைச் சரத் ஹப்சிகுடாவில் ஒரு டிரைவிங் ஸ்கூல்காரரிடம் வாங்கியிருந்தான். சொல்லிக்கொடுப்பவருக்காக இடது இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் இருந்தது. அதன் இணைப்பைக் கழற்றியாகிவிட்டது என்றார் விற்றவர். சரத் நம்பினான். கம்ப்யூட்டர் புரோகிராம்களில் பிழை கண்டுபிடிப்பது அவன் உத்தியோகம்.

அனந்தகிரி மலையில் ஒழுங்காக ஓட்டிவிட்டால் தீபாவளிக்குக் கோயம்புத்தூர் வரை காரிலேயே போவது, இல்லையென்றால் ரயில் என்று அவன் முடிவு செய்திருந்தான். மனைவி ரோகிணிக்கு ரயில்தான் சம்மதம். அதைச் சொன்னால் அவன் மூன்று நாள் பேசமாட்டான் என்பதால் சொல்லவில்லை. எப்போதும் மகளோடு பின்னால் உட்காருபவள், மலையைப் பார்க்கலாமென்று அன்று முன்னால் உட்கார்ந்தாள்.

ஏறும்போது கார் மூச்சு வாங்கியது, ஆபத்தில்லை. இறங்கும்போது முதல் வளைவில் எதிரே பஸ் வந்தது. பயத்தில் ரோகிணியின் கால் தானாகப் பெடலை மிதித்தது. கார் அடங்கியது. அடுத்த வளைவில் வேண்டுமென்றே மிதித்துப் பார்த்தாள். அடங்கியது.

“பாத்தியா? வளைவு வந்தா வண்டி தானா அடங்குது. எல்லாம் கைப்பழக்கம்.”

“ஆமாங்க.”

“அங்க பாரு, எத்தன பச்சை!”

அவள் பார்க்கவில்லை. சாலையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

“டாடி, ஸ்லோ ப்ளீஸ்” என்றாள் பின்னாலிருந்து ஹர்ஷிதா.

“இதுவே ஸ்லோதான் கண்ணு. கோயமுத்தூர் போறப்ப பாரு, ராத்திரி முச்சூடும் ஓட்டறேன்.”

கர்னூல், அனந்தபூர், பெங்களூர் என்று ஊர்கள் ரோகிணியின் மனதில் வரிசையாக வந்தன. அவ்வளவு தூரம் அவளால் மிதித்துக்கொண்டே வர முடியாது.

அடிவாரத்துக்கு முந்தின வளைவில் எதிரே யாருமில்லை. பக்கத்தில் மழையில் ஊறிய மண்மேடு.

“கண்ணு, சீட்டைக் கெட்டியாப் புடிச்சுக்கோ” என்றாள் ரோகிணி மகளிடம். பிறகு இரண்டு கால்களையும் மேலே தூக்கி, இருக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

சரத்தின் கால் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மண்மேடு வந்துவிட்டது. பம்பர் மண்ணில் புதைந்தது. யாருக்கும் அடியில்லை. குரங்குகள் இறங்கி வந்து பார்த்தன.

“பிரேக் புடிக்கலை” என்றான் சரத்.

“இத்தன நேரம் புடிச்சிட்டிருந்தது நானுங்க. இப்பக் காலை எடுத்துட்டேன்.”

அவன் இறங்கிச் சுற்றி வந்தான். குனிந்து இடது பெடலைக் கையால் அழுத்தினான். காருக்குப் பின்னால் போய் நின்றிருந்த ஹர்ஷிதா, “டாடி, ரெட் லைட் வச்சிந்தி!” என்று தெலுங்கில் கத்தினாள். பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது.

மிச்ச வழியை இருவருமாக ஓட்டினார்கள். மாரெட்பள்ளியில் வீடு வரும் வரை ரோகிணியின் கால் பெடலை விட்டு நகரவில்லை.

தீபாவளிக்கு ரயிலில் போனார்கள். மறு வருஷம் ரோகிணி லைசென்ஸ் எடுத்தாள். அதன்பின் காரை அவள்தான் ஓட்டினாள். ஹர்ஷிதா ஏறியதும் தூங்கிவிடுவாள். சரத் இடது பக்கம் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு பெடலை மிதித்தான். மெக்கானிக்கிடம் கொடுத்து அதன் இணைப்பை ரோகிணி, தான் ஓட்டத் தொடங்கிய முதல் வாரமே கழற்றிவிட்டிருந்தாள், அவனிடம் சொல்லவில்லை. ஆறு வருஷம் கழித்துக் காரை வாங்க வந்தவரிடம், இடது பக்கத்து பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது என்று சரத் சொன்னான்.