தொட்டில் மெத்தை

அம்மாவுக்கு நான் எங்கள் நாட்டுப் பணத்தில் நாற்பத்து மூன்று சோமோனியும், சில்லறையாக ஐம்பது திராமும் கடன்பட்டிருந்தேன். கைமாற்று வாங்கியதல்ல, துணியை வீணாக்கியதற்கு அவள் போட்ட அபராதம். சாட்டின் துணி இவ்வளவு, நூல் கண்டு இவ்வளவு, உடைத்த ஊசி ஒன்றுக்கு ஐம்பது திராம் என்று அவள் மனக்கணக்காகச் சொல்லச் சொல்ல, நான் தச்சுப் பென்சிலால் சமையலறைச் சுவரில் எழுதி வந்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எனக்கும் முப்பத்து மூன்று வயதுவரை தெரியாது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வருஷங்களில் எங்கள் பக்கம் சண்டை நடந்தது. பிறகு மாஸ்கோவில், கட்டட வேலைக்காரர்கள் தங்கும் கொட்டகையில், சிமெண்டு மூட்டையில் அச்சிட்டிருந்ததை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துத்தான் எழுத்து வந்தது. அதனால் என்னைக் கடன்காரனாக்கிய கணக்கை என் கையாலேயே எழுதுவதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இடுப்பு போய் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். மனைவி சத்பர்க் அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். மகள் மஹினாவுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிள்ளைக்குத் தொட்டிலும் படுக்கையும் பெண் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றையும் விரித்து, தடவி, தையலை நகத்தால் நெருடிப் பார்ப்பார்கள். அம்மாவின் வலது கை போன வருஷத்திலிருந்து நடுங்குகிறது. ஊசி நிற்பதில்லை. சந்தையில் வாங்கிவிடலாம் என்றேன்.

"சந்தை மெத்தைய அனுப்பினா, இந்தப் பொண்ணுக்குப் பொறந்த வீட்டுல நாதியில்லன்னு பேசுவாளுங்க. ஏன், உனக்கு ரெண்டு கை நல்லாத்தானே இருக்கு?"

நான் தைத்தேன் என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஊசியைத் தொட்டேன்.

முதலில் ஒட்டுத்துணிப் போர்வை. நான் கொத்தனார், அளவு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். தொட்டிலின் அகலத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மட்டக்கோல் வைத்து, ஒரு மயிரிழை பிசகாமல் சதுரம் சதுரமாக வெட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று நாள் தைத்து முடித்து விரித்தால் தொட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் எட்டியது. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் கலவை வைத்தால் சுவர் நீளும். துணியில் அது தலைகீழ்; ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் தையல் தின்றுவிடும். அம்மா வாயைத் தலைத்துணி முனையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன் என்றாள். பிறகு, "எழுது, இருபத்து ரெண்டு சோமோனி" என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் முசுக்கட்டை மரத்தடிக் கட்டிலில் உட்காருவோம். அவள் இரண்டு குச்சிகளால் பஞ்சை அடித்து உதிர்ப்பாள். நடுங்கும் கை அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது என்பாள். நான் தைப்பேன். பதினேழு வருஷம் வருஷத்துக்கு ஒரு மாதம் விருந்தாளியாக வந்து போனவன் நான். பஞ்சடிக்கும்போது அம்மா மூக்கால் பாடுவாள் என்பதே நாற்பத்தோரு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்டைவீட்டுக்காரி பிபிரஜப் தலையை நீட்டி, கொத்தனார் தனக்கும் ஒரு கவுனுக்கு அளவெடுப்பாரா என்று கேட்டாள்.

"வரிசையில நில்லுடி" என்றாள் அம்மா. "முன்னாடி ஒரு ஆளு நிக்குது. அது இன்னும் பொறக்கவே இல்ல."

சத்தியம் அன்றோடு பாதி போயிற்று.

பருத்தி வெடிக்கும் பருவத்தில் மஹினாவுக்குப் பெண் பிறந்தது. ஒன்பதாம் நாள் தொட்டிலில் கட்ட வேண்டும். எட்டாம் நாள் மத்தியானம் மெத்தையை முடித்தேன். இரண்டாம் முறை தைத்த போர்வையைவிட அது நன்றாக வந்திருந்தது. மூலைகள் சுவர் மூலை போல நின்றன. அம்மா உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தினாள். மறுபடி தடவினாள்.

"ஓட்டை எங்கடா?"

மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன், ஓட்டையே வைக்கவில்லை. எங்கள் தொட்டிலில் குழந்தையை அசையாமல் கட்டிவிடுவோம். அதன் மூத்திரம் ஒரு மரக்குழாய் வழியாக மெத்தை நடுவிலுள்ள ஓட்டையில் இறங்கிக் கீழே சட்டிக்குப் போக வேண்டும். அப்படிக் கட்டிக் கிடந்துதான் நானும் வளர்ந்தேன்.

"ஊரூரா வீடு கட்டினியே, அங்கயும் கக்கூஸ் வெக்க மறந்தியா?"

சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் வாடியது. தையலைப் பிரித்து, பஞ்சை எடுத்து, மறுபடி அடைக்க ஒரு நாள் போதாது. அப்படியே வெட்டினால் பஞ்சு பிதுங்கும். சந்தைக்குப் போக வண்டி கேட்கட்டுமா என்றாள். எந்த வாயால் சந்தை வேண்டாம் என்றாளோ, அதே வாய். அவள் அதைக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. பூசி முடித்த சுவரில் குழாய்க்குத் துளை போடும்போது நாங்கள் என்ன செய்வோம் என்று யோசித்தேன்; சுற்றிக் கீறிவிட்டுத்தான் உள்ளே உடைப்போம். கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் போட்டேன். வெட்டவில்லை. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து, வட்டத்தின் மேல் நெருக்கமாக இரண்டு சுற்றுத் தைத்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளே கத்தரி வைத்தேன். ஒரு துளிப் பஞ்சு வெளியே வரவில்லை. விளிம்பைத் துணிப்பட்டி வைத்து மூடினேன்.

அம்மா ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

"இத நான் சொல்லித் தரலையே" என்றாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் புலாவ் கொப்பரைக்குப் பக்கத்தில் ஆண்களோடு நின்றேன். உள்ளே பெண்கள் ஒவ்வொன்றாக விரிக்கும் சத்தம் ஜன்னல் வழியே கேட்டது. மெத்தை முறை வந்தது. சம்பந்தியம்மாள், இந்த ஓட்டைத் தையல் யார் கை என்று கேட்டாள்.

"எம் மகன்" என்றாள் அம்மா. ஜன்னலுக்கு வெளியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரண்டி பிடித்திருந்த சம்பந்தி, தங்கள் கழுதைச் சேணம் மூன்று வருஷமாகக் கிழிந்து கிடப்பதாக எனக்குத் தெரிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். உள்ளே மஹினாவின் குரல் எல்லாச் சத்தத்துக்கும் மேலே, அது என் அப்பா தைத்தது, மடிக்காதீர்கள், மெதுவாக, என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வீடு திரும்பியதும் அம்மா பெட்டியிலிருந்து ஒரு திண்டை எடுத்து என் இடுப்புக்குப் பின்னால் செருகினாள். குட்டைப் போர்வைச் சதுரங்கள், கோணலாக வெட்டிய சாட்டின் என்று நான் வீணாக்கியது எல்லாம் அதில் இருந்தது. எப்போது தைத்தாள் என்று தெரியவில்லை. தையல் பாம்பு போன தடம்போல் வளைந்து வளைந்து போயிற்று. நான் அதை விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

"துணி ஒண்ணும் வீணாகல" என்றாள்.

சமையலறைச் சுவரோரம் கிடந்த தச்சுப் பென்சிலை எடுத்து, என் கணக்கின் மேல் ஒரு கோடு இழுத்தாள். நாற்பத்து மூன்றைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி, அந்தக் கோடும் வளைந்து வளைந்து சுவரின் மூலைவரை போயிற்று.