ஹாய்யா கொடுத்த குரல்

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீடியோ கேமுக்காக அவர் போட்ட ஒரு கத்தலை வைத்து, ஹாய்யா என்றுதான். உண்மையில் அவர் வேலை கத்துவது அல்ல, படம் வரைவது. 'கரும்பாய்ச்சல்' வீடியோ கேமின் முதல் பாகத்தில் நிஞ்ஜா ஓடுகிற கூரைகள், ஆடுகிற விளக்குகள், பின்னால் தெரியும் நிலா எல்லாம் அவர் கைவண்ணம். குரல் கொடுக்க வேண்டிய நடிகர் அன்றைக்குக் கம்பி நீட்டிவிட, ஒலிப்பதிவாளர் கண்ணில் இவர் பட்டார்.

"சும்மா ஒரு தடவை கத்துங்க. அப்புறம் மாத்திக்கலாம்."

பாயும்போது ஒரு கத்தல், வெட்டும்போது ஒன்று, சாகும்போது ஒன்று. கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து நிலாவை வரையப் போனார்.

மாற்றவே இல்லை. காசு போட்டு ஆடும் பெட்டிகளில் முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. இரண்டாம் பாகம் வீட்டு டிவிகளுக்கு வந்தது, அதே கத்தல். மூன்றாவதில் நிஞ்ஜாவுக்கு ஒரு தங்கை முளைத்தாள். அவனுக்கு அதே கத்தல். நான்காவதை முப்பரிமாணத்தில் செய்தார்கள். கேமரா நிஞ்ஜாவைப் பின்தொடராமல் சுவருக்குள் போய் மாட்டிக்கொண்டது. ஆடியவர்கள் காறித் துப்பினார்கள். கம்பெனி தொடரை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டது. வெகுகாலம் கழித்து, ஃபோனில் ஆடுவதற்கு அவசர அவசரமாக ஐந்தாவதைச் செய்தார்கள். அதிலும் நிஞ்ஜா அவர் குரலில்தான் செத்தான்.

அந்தச் சாவு அவர் வீட்டில் அன்றாடச் சங்கதி. மகள் சின்னவளாக இருந்தபோது ஹாலில் உட்கார்ந்து ஆடுவாள். நிஞ்ஜா பள்ளத்தில் விழுந்து அலறினால் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "அப்பா செத்தாச்சா? அப்போ சாப்பிட வா."

ஓய்வு பெற்ற பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி. தாடைக்குக் கீழே அழுத்திப் பேசும் கருவி ஒன்றும் கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை பேசிப் பார்த்தார், இயந்திரம் பேசுகிற மாதிரி வந்தது. மகளின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் கருவியை மேசை இழுப்பறையில் போட்டார். அதற்குப் பிறகு எல்லாமே ஃபோனில் எழுதிக் காட்டுவதுதான்.

"மனசுக்குக் கஷ்டமா இருக்காப்பா?" என்று மகள் கேட்டாள்.

இல்லை என்று எழுதினார். பொய் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படித்தான் மொத்த ஆளும் இருந்தார்.

ஆறாம் பாகத்தின் இயக்குநர் ஒரு காலை வீட்டுக்கு வந்தாள். மகள் வயதுதான் இருக்கும். ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்க குரல் இல்லாம கரும்பாய்ச்சலை நெனச்சே பார்க்க முடியல சார். ஆனா பழசை எவ்வளவு சுத்தம் பண்ணாலும் கரகரங்குது. ஆபீஸ் மாத்தினப்போ ஒரிஜினல் டேப் குப்பையோட போயிடுச்சு. நீங்க பேசின பதிவு ஏதாவது இருந்தா, கம்ப்யூட்டர்ல உங்க குரலையே உண்டாக்கிடலாம். குடும்ப வீடியோ ஏதாவது..."

மனைவியும் மகளும் அன்று முழுக்க உட்கார்ந்து தேடினார்கள். மகளின் பிறந்தநாள்கள், கடற்கரை, வீடு மாறிய நாள். ஒன்றிலும் அவர் இல்லை.

"கேமராவைப் பிடிக்கிறதே இவர்தான்" என்றாள் மனைவி. "பிடிச்சா வாயைத் திறக்கமாட்டார். தலையை ஆட்டினா நாம சிரிக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ இவர் குரல்னு மிச்சம் அந்தக் கத்தல் மட்டும்தானாடி?" என்று மகளிடம் கேட்டாள். மகள் கம்ப்யூட்டரை மூடினாள்.

அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அழ வேண்டிய இடம் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் அழுகை வரவில்லை.

வேறு ஆளைப் போடுவதென்று முடிவாயிற்று. ஆனால் ஹாய்யா வந்து சரி சொன்னால்தான் பதிவு என்று இயக்குநர் பிடிவாதமாக இருந்தாள். மனைவியோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாட்டசாட்டமான ஒரு நடிகர். பாய்ச்சலும் வெட்டும் சீக்கிரம் முடிந்தன. சாவுதான் இழுத்தது. நடிகர் நாடகம் மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீட்டி முழக்கினார்.

ஹாய்யா எழுதிக் காட்டினார். இயக்குநர் அதை மைக்கில் படித்தாள்: "ரொம்ப நீளம். சாகப்போறோம்னு அவனுக்கே தெரியாது."

திரும்பத் திரும்பக் கத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் ஹாய்யா தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். எது குறைகிறது என்று அவருக்கே பிடிபடவில்லை. கடைசியில் பழைய கத்தலைப் போடச் சொன்னார். ஹெட்ஃபோனில் அது வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கால் தடுக்கி விழுந்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை கேட்டார். எப்போதோ இந்தத் தொண்டையிலிருந்து வந்தது என்று புத்திக்குத் தெரிந்தது, தொண்டைக்குத் தெரியவில்லை.

"இப்ப சரியா வருதா சார்?" என்று நடிகர் கேட்டார். அவர் குரல் கம்மிப்போயிருந்தது. இன்னொரு தடவை கத்தினார். முன்னதைவிடப் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

ஹாய்யா சரி என்று தலையசைத்தார்.

"நிஜமாவா சார்? எனக்காகச் சொல்லாதீங்க" என்றாள் இயக்குநர்.

மறுபடியும் தலையசைத்தார். அந்த ஆளுக்கு யாராவது வெந்நீர் கொடுங்கள் என்று எழுதிக் காட்டினார்.

வெளியே பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், "உங்க மாதிரியே கத்தினானா?" என்று மனைவி கேட்டாள்.

'நல்லா கத்தறான்.'

"நல்லா கத்தறானான்னு கேக்கல."

அவர் ஃபோனைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் கூட்டமாக இருந்ததால் ஆளுக்கொரு மூலையில் நின்று வந்தார்கள்.

ஆறாம் பாகம் வந்தது. நன்றாகவே விற்றது. 'புதுக் குரலைப் பத்தி ஒருத்தரும் குறை சொல்லலப்பா' என்று மகள் செய்தி அனுப்பினாள். அவர் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, கழுத்துத் துணியை மாற்றக் குளியலறைக்குப் போனார்.